உப்பு மண்ணில் மிளகாய் நாற்றும் வேர் உட்பூசணமும்

வேதாரண்யம் பக்கம் கோடையில் பாத்தி வரப்புகளில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஈரம் இருந்தும் மிளகாய் நாற்று ஏன் வாடுகிறது என்பது வெகுநாள் புதிராகவே இருந்தது. மண்கரைசலில் உப்பு மிகும்போது வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை; போதாக்குறைக்கு, பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் புகுந்து இலையோரத்தைக் கருக்கிவிடுகிறது.

இங்கேதான் ‘வாம்’ என்ற பெயரில் விற்கப்படும் வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை, உதவிக்கு வருகிறது. சாயமேற்றிய வேர்த்துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், பல செல்களுக்குள் குட்டி மரம் கிளைத்ததுபோல் அதன் இழைகள் நீலமாகத் தெரியும். செடி தரும் சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொண்டு, வேர் எட்டாத தொலைவிலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரையும் அது கொண்டுவந்து சேர்க்கிறது. பூசணம் குடியேறிய செடிகளின் இலைகளில் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருப்பது பல பயிர்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. என் கணக்கில் இதுவே அதன் பெரிய உதவி.

நாற்றங்காலில் விதைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் வாமைத் தூவினால், முளைவேர் அதன் ஊடாகவே இறங்கும். முட்டைக்கோஸ், கடுகு போன்றவை இந்த உறவை ஏற்பதில்லை என்பதால் அவற்றுக்கு வாங்குவது வீண்செலவு. மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினாலும் பூசணம் வேரில் சரியாகக் குடியேறாது. மண்ணிலுள்ள உப்பை இது அகற்றுவதில்லை. அதற்கு வடிகாலும் நல்ல தண்ணீரும்தான் வேண்டும்.