மூன்று மொழியில் வந்தாலும் ஒரு வாய்தான்

ஓசூர்ப் பக்கத்து டீக்கடைகளில் ஒருவர் தமிழ்ப் பேப்பர் புரட்டுவார், பக்கத்து ஆள் போனில் கன்னடச் சேனல் ஓடும், இன்னொருவர் தெலுங்குச் செய்தி கேட்பார். எங்கோ போர் என்றால், "மூணு பாஷையிலயும் வந்துடுச்சு, பொய்யா இருக்குமா?" என்று பேச்சு முடிந்துவிடும். எத்தனை சேனலில் வந்தது என்று எண்ணிப் பயனில்லை. முதலில் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும்.

2022 நவம்பர் 15 அன்று, உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்து கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து 2 பேர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணை என்று அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஏஜென்சி அவசரச் செய்தி அனுப்பியது. ஆதாரம், பெயர் வெளியிடாத அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஒருவர். ஒரே ஒருவர். அதை எடுத்துத்தான் உலகமெங்கும் தலைப்பு போட்டார்கள். மறுநாளே ஏஜென்சி தவறென்று திருத்தியது. உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கலாம் என்று போலந்தும் நேட்டோவும் சொல்லின. ரஷ்யாவைப் பிடிக்காதவருக்கு முதல் செய்தி போதும். பிடித்தவர் திருத்தத்தை மட்டும் பகிர்வார். கன்ஃபர்மேஷன் பயஸ் என்பது இதுதான்: பிடிக்காத செய்தியைத் துருவித் துருவிப் பார்ப்போம், பிடித்ததை அப்படியே விழுங்குவோம்.

தமிழில் இதற்குத் தோதாக வினைச்சொற்களே இருக்கின்றன. "தகவல் வெளியாகியுள்ளது", "கூறப்படுகிறது". யார் வெளியிட்டார்? யார் கூறினார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. இப்படி ஒரு வரி வந்தால் எழுவாயைத் தேடுங்கள். ராணுவச் செய்தித் தொடர்பாளரா, மருத்துவமனையா, நேரில் நின்ற நிருபரா? கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். பல செய்திகளில் மீதி என்று ஒன்றும் இருக்காது!

மொழிபெயர்ப்பிலும் சறுக்கும். ஆங்கிலத்தில் கேஷுவால்ட்டி என்றால் இறந்தவரும் காயம்பட்டவரும் சேர்ந்தது. தமிழுக்கு வரும்போது மொத்தமும் "பலி" ஆகிவிடும். ராணுவம் "அழித்ததாகச் சொல்கிறது" என்பது "அழித்தது" என்று சுருங்கும். ஒரு பில்லியன் 100 கோடி. அதை 10 கோடி என்று போட்டுவிடுவதும் நடக்கிறது. எண் பெரிதாக இருந்தால் ஒருமுறை ஆங்கில மூலத்தைத் திறந்து பாருங்கள்.

வீடியோ என்றால் நிழலைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், கிருஷ்ணகிரியில் 1 மீட்டர் குச்சியின் நிழல் முக்கால் மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதே நாள் உக்ரைன் தலைநகர் கீவ் நகரில் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் விழும். "டிசம்பர், கீவ், நண்பகல்" என்று வந்த படத்தில் ஆளின் நிழல் காலடியிலேயே கிடந்தால், ஊரோ மாதமோ பொய். வெயில் இல்லாத படத்துக்கு இது உதவாது. அப்போது வீடியோவின் முதல் ஃபிரேமையும் நடு ஃபிரேமையும் தனித்தனியாகப் படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பழைய பதிவு சிக்காமல் போகலாம்.

2025 மே மாதம், இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று சுற்றிய படங்களில் ஒன்று, அதே ஆண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த விமான விபத்து. நமக்குப் பிடித்த செய்தி என்பதால்தான் அதை அன்றிரவு சோதிக்க ஆளில்லை.

மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குக் கப்பல் செய்தி இன்னும் முக்கியம். 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் பிடித்த கேலக்ஸி லீடர் என்ற கப்பல், "இஸ்ரேல் கப்பலா, இல்லையா?" என்று சண்டை. கொடி பஹாமாஸ், இயக்கியது ஜப்பான் நிறுவனம், உரிமையில் இஸ்ரேல் தொழிலதிபர் ஒருவருக்குத் தொடர்பு, போய்க்கொண்டிருந்தது குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு. இரு தரப்பும் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. சரக்கு அனுப்புகிறவர் நான்கையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார். அடுத்த கப்பல் மாட்டுமா என்பது அதில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்தது என்று பொருள். தவறாக அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் நீக்க இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் மற்றவர்கள் வேறு குழுக்களுக்குத் தள்ளியது நம்மால் அழியாது; திருத்தத்தை அதே குழுவில், அதே படத்தைப் போட்டு எழுத வேண்டியதுதான்.