துருத்தியை இயக்கிய சிறுவனும் 10 நிமிட அபராதமும்

சாலை மிதிவண்டிப் பந்தயங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் திரும்பத் திரும்பச் சென்று நிற்கும் இடம், பிரனீஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் சேன்ட் மரி த கம்பான் என்ற சிற்றூரில் இருந்த ஒரு கொல்லுப்பட்டறை. 1913-ஆம் ஆண்டு டூர் து பிரான்ஸ் பந்தயத்தில், பயோனிலிருந்து லூஷோன் வரையிலான 326 கிலோமீட்டர் கட்டத்தின்போது, துர்மலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த யூஜின் கிறிஸ்டோஃபின் மிதிவண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. ஒட்டுமொத்த வெற்றியே கைக்கு எட்டும் தொலைவில் இருந்த நாள் அது. அவர் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து அந்தப் பட்டறையை அடைந்தார்.

பட்டறைக்காரர் உதவ முன்வந்தபோதும் அவரால் அதை ஏற்க முடியவில்லை. பழுது எதுவானாலும் பிறர் கைபடாமல் வீரரே சரிசெய்ய வேண்டும் என்பது விதி. அது மீறப்படுகிறதா என்று பார்க்க அதிகாரிகள் அங்கேயே நின்றிருந்தார்கள். கிறிஸ்டோஃப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, முறிந்த ஃபோர்க்கைப் பொருத்தி முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆயிற்று. இரு கைகளும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் இயக்கினான். அதுவும் பிறர் உதவியே என்று அதிகாரிகள் 10 நிமிடம் அபராதம் விதித்தார்கள். பின்னர் அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள் என்றாலும், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை இழந்துவிட்டவருக்கு அந்தக் கருணையால் ஆனது ஒன்றுமில்லை. அவர் ஏழாவதாகவே முடித்தார்.

இந்த விதியைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் அதன் பின்னால் உண்மையான ஓர் அச்சம் இருந்தது. லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க 1903-இல் தொடங்கிய பந்தயம் இது. இரண்டாம் ஆண்டிலேயே முறைகேடுகள் மலிந்து, முதல் நான்கு இடங்களில் வந்தவர்கள் தகுதி நீக்கப்பட்டு, இருபது வயதுகூட நிறையாத ஆன்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். நாளிதழின் ஆசிரியரும் பந்தயத்தை நடத்தியவருமான ஆன்ரி தெக்ரான்ஷ், மிதிவண்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடிவைத் தீர்மானித்துவிடும் என்று அஞ்சினார். தனி மனிதனின் வலிமை மட்டுமே வெல்ல வேண்டும் என்பது அவருடைய உறுதி. 1911-இல் மோரிஸ் புரோக்கோ என்ற வீரர் சக போட்டியாளருக்குத் துணையாக ஓட்டியபோது, தெக்ரான்ஷ் அவரை ‘வீட்டு வேலைக்காரர்’ என்று பொருள்படும் ‘தோமெஸ்தீக்’ என்ற சொல்லால் இகழ்ந்தார். தலைவருக்காக உழைக்கும் அணி வீரரைக் குறிக்க இன்று உலகமெங்கும் வழங்குவது அதே சொல்தான்.

தெக்ரான்ஷின் எண்ணம் நேர்மையானது. ஆயினும் அது சாலையின் இயல்புக்கு எதிரானது என்றே நான் கருதுகிறேன். சமதரையில் வேகமாகச் செல்பவரின் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. முன்னே செல்பவரின் நிழல்போல ஒட்டிச் செல்பவருக்கோ அந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. ஆகவே, ஒருவர் முன்சென்று காற்றை வாங்கிக்கொள்வதே இன்னொருவருக்குச் செய்யும் உதவியாகிவிடும் இந்த விளையாட்டில், உதவியை விதியால் தடுத்துவிட முடியாது. 1930-இல் நிறுவன அணிகளுக்குப் பதிலாக நாட்டு அணிகள் வந்தபோது, ஒரே அணியினர் ஒருவருக்கொருவர் துணைநிற்பது முறையானது.

அதன் விலை என்ன என்பதை 1934-இல் ரெனே வியெத்தோ காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபது. மலைகளில் பறந்து ஏறிக்கொண்டிருந்தார். பிரனீஸில் இறங்கும்போது, ஒட்டுமொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்குரிய மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்த அணித்தலைவர் அந்தோனின் மாஞின் சக்கரம் உடையவே, வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாற்றுச் சக்கரத்துக்காகக் காத்திருந்தார். சாலையோரச் சுவரின்மேல் அழுதபடி அவர் அமர்ந்திருக்கும் அந்தப் புகைப்படத்தை என்னால் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. மறுநாள் மாஞின் வண்டி மீண்டும் பழுதாக, முன்னால் சென்றுகொண்டிருந்த வியெத்தோ திரும்பி மலையேறிச் சென்று தம் வண்டியையே கொடுத்தார். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாம் இடத்தில் முடித்தார். அதன்பின் பல ஆண்டுகள் ஓட்டியும் அவர் டூர் பந்தயத்தை ஒருமுறையும் வெல்லவில்லை.

இன்று அணி வண்டிகளின் கூரையில் மாற்று மிதிவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் 2016 ஜூலை 14 அன்று, மோன் வாந்து மலையின் கூட்ட நெரிசலில் நின்றுவிட்ட மோட்டார் சைக்கிளால் நேர்ந்த மோதலில் கிறிஸ் ஃப்ரூமின் வண்டி உடைந்தபோது, மாற்று வண்டி உடனே வந்து சேரவில்லை. மஞ்சள் ஜெர்சியுடன் அவர் மலைச்சாலையில் ஓடத் தொடங்கினார். அந்த நேரலைக் காட்சியில் எனக்குத் தெரிந்தது, தோளில் வண்டியைச் சுமந்து நடந்த கிறிஸ்டோஃபின் உருவமே. ஆனால் அன்று மாலை நடுவர்கள் கூடி, விபத்தின்போது உடன் சென்றுகொண்டிருந்த பௌகே மொல்லமாவின் நேரத்தையே ஃப்ரூமுக்கும் வழங்க, மஞ்சள் ஜெர்சி அவரிடமே நிலைத்தது.