விளக்கெண்ணெய்ப் புகையைத் தேடிக் கடல் கடந்த கதை

பழைய ரேஸ் பைக்குகள் ஓடுவதைப் பார்க்க, இங்கிலாந்துக்கு மேற்கே ஐரிஷ் கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போயிருந்தேன். முதலில் டாக்சிக்காரரின் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. தீவின் தலைநகர் டக்ளஸிலிருந்து ஜர்பி என்ற ஊருக்குத் தொலைபேசியில் 40 பவுண்டு பேசினார். இறங்கும்போது 60 கேட்டார். ஏன் என்றால், "ரேஸ் நேரம்" என்கிறார். தொலைபேசியில் பேசியபோது அது அவருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் குறைவு. வந்த ஒன்றும் நிரம்பி வழிந்து, நிற்காமலே போய்விட்டது. வேறு வழியின்றிக் கொடுத்தேன். அந்த 20 பவுண்டில் இரண்டு நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

ஆனால் ஜர்பியில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் அந்த ஆளை மறந்தே போனேன். தீவின் வடக்கில், பழைய விமானத்தளத்தை ஒட்டிய இடம் அது. கிழட்டு ரேஸ் பைக்குகள் வரிசையாக நின்றன. ஒருவர் மேங்க்ஸ் நார்ட்டன் என்ற பழைய பிரிட்டிஷ் ரேஸ் பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டே ஓடி, இருக்கையில் தொப்பென்று விழுந்து கிளட்சை விட்டார். ஒற்றை சிலிண்டர், 500 சிசி. அந்த முதல் வெடிப்பு காதுக்கு முன்பே நெஞ்சுக்கூட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே வாசனை.

இந்த வாசனைக்காகத்தான் சேமிப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்தேன். இந்த பைக்குகளின் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் எரியும் வாசனை அது. காஸ்ட்ரால் ஆர் என்று பெயர் மிடுக்காக இருக்கிறது. அடிப்படையில் அது ஆமணக்கு எண்ணெய். குடிக்கச் சொன்னால் குமட்டும் அதே விளக்கெண்ணெய்தான்! கடும் சூட்டிலும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தக் கால ரேஸ்காரர்கள் இதைத்தான் நம்பினார்கள். எரியும்போது மட்டும் அதற்கு எங்கிருந்து வருகிறதோ இப்படியொரு இனிப்பு மணம். அரை மணி நேரம் புகைக்குப் பின்னாலேயே அலைந்தேன். யாராவது பார்த்திருந்தால் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, கப்பல்: இங்கிலாந்தின் ஹீஷம் துறைமுகத்திலிருந்து டக்ளஸுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐரிஷ் கடல் அன்று என்னைப் படுத்திய பாட்டை எழுத விருப்பமில்லை. ஜூன் மாதம் இங்கே நடக்கும் புகழ்பெற்ற டிடி (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயத்தின்போது அறை வாடகை என் கைக்கு எட்டாது என்பதால் அதே பாதையில் ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் மேங்க்ஸ் கிராண்ட் பிரீ பந்தயத்துக்குப் போனேன். பழைய பைக்குகளுக்கென்று தனிப் போட்டிகள் இருப்பதும் இதில்தான். சாலையோர மேடுகளில் பல இடங்களில் நின்று பார்க்கக் காசு கேட்பதில்லை. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரே கணக்கு இதுதான்.

பந்தயப் பாதை என்று தனியாக எதுவும் கிடையாது. ஊர்ச் சாலைகளை அடைத்துவிட்டு அதிலேயே ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர், 200க்கும் மேற்பட்ட வளைவுகள். கல் சுவர், தந்திக் கம்பம், வீட்டு வாசற்படி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 1911லிருந்து இந்த மலைப்பாதையில் டிடி நடக்கிறது.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். சாலையை அடைத்தபின் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நான் க்ரெக்-நி-பா வளைவில் மாட்டிக்கொண்டேன். மலைமேல் மூடுபனி. கடல் தெய்வம் மனனன் தன் போர்வையால் தீவை மூடுகிறார் என்பார்களாம் இங்கே. மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் பந்தயம் கிடையாது. மூன்று மணி நேரம் ஈரப் புல்லில் நின்றேன். ஒரு காபிக்கு மேல் வாங்க மனம் வரவில்லை.

பக்கத்தில் ஒரு முதியவர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். 1967இல் நடந்த சீனியர் டிடியை, அதாவது டிடியின் 500 சிசி பந்தயத்தை, இதே இடத்திலிருந்து பார்த்தவராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கிலாந்து வீரர் மைக் ஹெயில்வுட்டின் நான்கு சிலிண்டர் ஹோண்டாவுக்கும் இத்தாலிய வீரர் அகோஸ்டினியின் மூன்று சிலிண்டர் எம்வி அகுஸ்டாவுக்கும் நடந்த சண்டை அது. ஹெயில்வுட்டின் ஆக்சிலரேட்டர் கைப்பிடி கழன்று ஆட, பெட்ரோல் நிரப்ப நிற்கும் பிட்டில் சுத்தியலால் அடித்துச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பினார். முன்னணியில் இருந்த அகோஸ்டினியின் செயின் அறுந்தது. அன்று ஹெயில்வுட் போட்ட மணிக்கு 108.77 மைல் வேகச் சுற்றை 1975 வரை யாரும் தாண்டவில்லை. அதே வாரத்தில் 250 சிசி, 350 சிசி பந்தயங்களையும் அவரே வென்றிருந்தார்.

"நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "பார்த்ததா? கேட்டதுதான் நினைவிருக்கிறது. ஹோண்டா சத்தம் வந்தது. எம்வி சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவேயில்லை" என்றார். பிறகு ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "எனக்கு அகோஸ்டினியைத்தான் பிடிக்கும்" என்றார்.

பொற்காலம் என்று சொல்லி நான் உருகினாலும், 1972ஐ யாரும் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டு டிடியில் இத்தாலிய வீரர் கில்பெர்ட்டோ பார்லோட்டி இந்தப் பாதையில் மழையில் விழுந்து இறந்தார். அவருடைய நண்பரான அகோஸ்டினி, இங்கே பத்து முறை வென்றவர், இனி இந்தத் தீவில் பந்தயம் ஓட்ட மாட்டேன் என்று விலகினார். 1976க்குப் பிறகு டிடிக்கு உலக சாம்பியன்ஷிப் சுற்று என்ற தகுதியும் போயிற்று. போனது நியாயம்தான். ஆனால் இரண்டு மணிக்குப் பனி விலகி, மேட்டிலிருந்து முதல் நார்ட்டன் இறங்கி வந்தபோது இந்த நியாயம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. பத்து விநாடிக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவதால் யார் முன்னால் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதியவரின் ரேடியோதான் சொல்லிக்கொண்டிருந்தது. நானோ கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு டக்ளஸ் கடற்கரைச் சாலையில் சாப்பிட்டதைச் சொல்லாவிட்டால் பாவம். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் துருவிய சீஸ், அதன்மேல் கொதிக்கும் கிரேவி. தீவின் தேசிய உணவே இதுதானாம். பார்க்கச் சேறு மாதிரி இருக்கிறது. நனைந்து நடுங்கிய உடம்புக்கு அமிர்தம். மறுநாளும் அதையே சாப்பிட்டேன், மலிவு என்பதாலும்தான்.

லாக்ஸியிலிருந்து மலை ரயிலில் பங்களா நிறுத்தத்துக்குப் போய் பைக் பந்தய வீரர் ஜோயி டன்லப்பின் சிலையையும் பார்த்தேன். 26 டிடி வெற்றிகள். மனிதர் பைக்கில் உட்கார்ந்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செலவுக் கணக்கை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கூட்டிப் பார்க்கத் தைரியமில்லை. ஒன்று மட்டும்: இந்தத் தீவின் பவுண்டு நோட்டுகளைக் கிளம்பும் முன் வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். நான் மறந்தேன். ஹீஷமில் இறங்கித் தேநீர் கேட்டபோது கடைக்காரப் பெண் என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தேநீர் கிடைக்கவில்லை.