வீமனை வச்சுப் பாத்த கடைசி ஏழு மாசம்

வீமன் எங்களிட்ட வந்தது 2011இல. முகாமில இருந்து திரும்பி முத்தையன்கட்டுக்கு வந்து, காணி முழுக்கப் பத்தையாக் கிடக்க தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த நேரம், ராவில ஒரு பக்கம் ஆனை மற்றப் பக்கம் பாம்பு, அப்பதான் என்ர மனிசன் ஒட்டுசுட்டான் சந்தியில ஆரோ விட்டிட்டுப் போன நாய்க்குட்டி எண்டு சறத்துக்குள்ள சுத்திக் கொண்டந்தவர். ஒரு தேங்காய் அளவு. அண்டு ராத்திரியே கொட்டில் வாசல்ல படுத்தவன், அதுக்குப் பிறகு பதின்மூண்டு வருசம் எங்களுக்கு முன்னால நித்திரை கொண்டதை நான் காணேல்ல. கச்சான் போட்ட காலத்தில குரங்கும் பண்டியும் எங்கட காணிக்குள்ள கால் வைக்காததுக்கு அவன்தான் காரணம், வேலியைப் பாத்து இவர் கூட அவ்வளவு நம்பிக்கையா இருந்தவர் இல்லை.

2024 சித்திரை வைகாசியில தண்ணி கூடக் குடிக்கத் தொடங்கினான். வாளியில வச்சது மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும், ராவில ரெண்டு மூண்டு தரம் எழும்பி வெளியால போவான், ஒருக்கா விறாந்தையிலயே பெஞ்சும் போட்டான், வாழ்க்கையில அப்பிடிச் செய்யாதவன். நான் நினைச்சன் வெயில்தானே எண்டு. வன்னி வெயிலுக்கு மாடே கேணியை விட்டு வராது, நாய் தண்ணி குடிக்கிறதில என்ன இருக்கு எண்டு விட்டிட்டன். அதுதான் முதல் அறிகுறி எண்டு பிறகுதான் விளங்கினது. வயசுபோன நாய் திடீரெண்டு கூடத் தண்ணி குடிச்சுக் கூட மூத்திரம் பெய்தா கிட்னியாவும் இருக்கலாம் சீனி வருத்தமாவும் இருக்கலாம், எதுக்கும் ரத்தம் ஒருக்கா சோதிக்க வேணும்.

அதோட பின்னங்கால் பிடிப்பு. விடியப்புறம் எழும்பேக்க முன்கால் ரெண்டையும் ஊண்டிப்போட்டு பின்பக்கத்தை இழுத்து எடுப்பான், மாபிள் போட்ட நிலத்தில கால் வழுக்கிச் சப்பையா விழுவான். அம்மாவுக்கு முழங்கால் நோவுக்குக் குடுத்த டைக்குளோபெனாக் குளிசை வீட்டில கிடந்தது, பாதிப் பாதியா மூண்டு நாள் கஞ்சியில பொடிச்சுக் குடுத்தன். பாவம் நோ குறையட்டும் எண்டுதான் குடுத்தன். நாலாம் நாள் கோப்பித் தூள் மாதிரிச் சத்தி எடுத்தான், மலம் தார் மாதிரிக் கறுப்பு. இதை எழுதேக்க கூட எனக்குக் கை நடுங்குது. மனிசருக்குக் குடுக்கிற நோ மாத்திரை, டைக்குளோபெனாக், ஐபுபுறோபன் ரெண்டுமே நாயின்ர குடலைப் புண்ணாக்கி ரத்தம் வரப்பண்ணும், கிட்னியையும் அடிக்கும். தயவு செய்து அரைக் குளிசைதானே எண்டு ஆரும் குடுக்காதேங்கோ.

இவர் லாண்ட்மாஸ்டர் உழவு மிஷின் பெட்டியில வைக்கோலைப் போட்டு அதுக்கு மேல சாக்கைப் போட்டு அவனை வளத்தி, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போனனாங்கள். அங்க வாறது முக்காவாசியும் மாட்டு அலுவல்தான், சினை ஊசி, கால் வாய் நோய்த் தடுப்பூசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, எங்களுக்கு முன்னால நிண்ட ஐயா நாய்க்கோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீங்கள் எண்டு கேட்டார், கேட்டுப்போட்டு தன்ர முறையை எங்களுக்கு விட்டும் தந்தார். டொக்டர் சின்னப் பிள்ளை, பேராதனையில படிச்சு முடிச்சு வந்தவா, மிருக வைத்தியம் படிக்கிறதெண்டா இலங்கையில அங்க மட்டும்தானே பீடம் இருக்கு. நான் குளிசை குடுத்ததைச் சொன்னன், மறைக்கேல்ல. அவா பேசேல்ல, எத்தினை மில்லிகிராம், எத்தினை நாள் எண்டு எழுதிக்கொண்டா. வயித்துப் புண்ணுக்கு ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியில தந்து கிளிநொச்சியில லாப் ஒண்டில குடுக்கச் சொன்னா.

ரிப்போட்டை முதல் வாசிச்சது பெரியப்பா. அவருக்கும் கிட்னி, கிழமையில ரெண்டு நாள் மெஷினில ரத்தம் சுத்தமாக்கிற டயலிசிஸுக்குப் போறவர், எங்கட பக்கம் வவுனியா பதவியா எண்டு கிட்னி வருத்தம் இல்லாத ஊர் குறைவு. கிரியற்றினின், கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு ரத்தத்தில எவ்வளவு நிக்குது எண்ட கணக்கு, அந்தச் சொல்லு எங்கள் எல்லாருக்கும் முதல் அவருக்குத்தான் தெரியும். 3.1 எண்டு இருந்தது, நாய்க்கு 1.4க்குள்ள இருக்க வேணும். கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் பேசாம இருந்திட்டு, எனக்கெண்டா மெஷின் இருக்கு, இவனுக்கு என்ன இருக்கு எண்டு கேட்டார். பிறகு டொக்டரைக் கேக்கேக்க அவா சொன்னா, கிட்னியில நாலில மூண்டு பங்கு போனாப் பிறகுதான் கிரியற்றினின் ஏறிக் காட்டும், அப்ப என்ர குளிசைக்கு முதலே கனகாலமா அது பழுதாகிக்கொண்டுதான் இருந்திருக்கு, குளிசை அதைத் தள்ளி விட்டிட்டுது எண்டு. அது எனக்கு ஆறுதலா எண்டு கேட்டா, இல்லை.

சுகமாக்க ஏலாது, மெதுவாக்கலாம் எண்டா டொக்டர். நாங்கள் அதைத்தான் செய்தனாங்கள்.

சாப்பாடுதான் முதல். கருவாடு, மீன் முள்ளு, எலும்பு எல்லாம் நிப்பாட்டு. எலும்பில பொசுபரசு கூட, கிட்னி ஏலாட்டி அது ரத்தத்தில சேந்துபோடும். பதின்மூண்டு வருசமா மீன் தலை திண்டவனுக்கு உப்பில்லாச் சோத்தோட அவிச்ச முட்டையின்ர வெள்ளையும் கொஞ்சம் பூசணியும் குழைச்சு வச்சா, மணந்திட்டு என்ர முகத்தைப் பாப்பான். இளஞ்சூடாக்கி வச்சா மணம் எழும்பித் தின்னுவான் எண்டு கண்டுபிடிச்சது அம்மா. பெரிய கோப்பையில ஒருக்கா வைக்காம, சிரட்டை அளவில நாலு தரம். தண்ணியை ஒருநாளும் குறைக்கக் கூடாது, மூத்திரம் கூடப் போகுது எண்டு சில பேர் தண்ணியை மறைச்சு வைக்கினம், அது நாயைக் கொண்டுபோடும். கிணத்தடியில ஒண்டு, விறாந்தையில ஒண்டு, அவன் படுக்கிற இடத்தில ஒண்டு எண்டு மூண்டு சட்டி வச்சனாங்கள், எழும்பிப் போகப் பஞ்சியில குடிக்காம விட்டிடுவான் எண்டதால.

ஆவணியில சாப்பாடு குறைய, தோலுக்குக் கீழ சேலைன் ஏத்தப் பழக்கினா டொக்டர். ஹாட்மன் சேலைன், ரெண்டு தோள்மூட்டுக்கும் நடுவில தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அந்த மடிப்புக்குள்ள ஊசியைக் குத்தி, போத்தலை ஜன்னல் கம்பியில கட்டி விடுறது. அவன் 14 கிலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மில்லி. முதல் நாள் எனக்குக் கை விறைச்சுப்போட்டுது, ஊசி மற்றப் பக்கத்தால வந்து சேலைன் முழுக்க மயிரில ஊத்துண்டது, அவன் அசையேல்ல. ரெண்டாம் தரம் பெரியப்பா வந்து பக்கத்தில சாக்கில இருந்து தலையைத் தடவிக்கொண்டு குத்து பிள்ளை, உள்ள போகேக்கதான் சுள்ளெண்டும், பிறகு ஒண்டும் இல்லை எண்டார், தனக்குக் குத்துற வலி தெரிஞ்ச மனிசன் சொல்லேக்க எனக்குத் தைரியம் வந்தது. ஏத்தின உடன தோளில பெரிய வீக்கம் மாதிரி நிக்கும், சில நேரம் முன்கால் வழியா இறங்கி வீங்கும், பயப்படத் தேவையில்லை, விடிய முதல் வத்திப்போகும். சேலைன் போத்தலைச் சுடுதண்ணியில கொஞ்சம் வச்சு உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து ஏத்தினா அவன் நெளியிறது குறைவு. ஏத்தின மற்ற நாள் வடிவாத் தெரியும், படலை மட்டும் நடந்து போய் நிண்டு றோட்டைப் பாப்பான்.

நிலத்துக்குச் சாக்கு விரிச்சது பெரிய உதவி. உர பாக்கை இல்லை, அது வழுக்கும், சணல் சாக்கு. வீடு முழுக்க அவன் நடக்கிற வழிக்கு விரிச்சனாங்கள், விழுறது நிண்டுபோச்சு. எழும்ப ஏலாத நாளில துவாயை வயித்துக்குக் கீழால போட்டு ரெண்டு நுனியையும் மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு முத்தத்துக்கு நடத்துவன். நகத்தையும் பாருங்கோ, நடக்காத நாய்க்கு நகம் தேயாது, வளைஞ்சு சதையில குத்தும்.

கண் நீலமாகினதைப் பாத்து ஊர்ச் சனம் குருடாப்போச்சு எண்டவை. டொக்டர் லைட் அடிச்சுப் பாத்து இது வயசால வில்லை தடிக்கிறது, பார்வை இருக்கு எண்டா. ராவிலதான் அவனுக்குக் கஷ்டம். மூலைக்குள்ள போய்ச் சுவரைப் பாத்து நிப்பான், திரும்பத் தெரியாது. காரணமில்லாம ஊளை விடுவான், அம்மாவுக்கு அது பெரிய பயம், எங்கட ஆக்களுக்கு நாய் ஊளையெண்டா தெரியும்தானே. மூளைக்கும் வயசு போறதுதான் காரணம். சின்ன லைற் ஒண்டைப் போட்டு விட்டு, என்ர பழைய சீலையை அவன்ர படுக்கையில விரிச்ச பிறகு கொஞ்சம் அடங்கினான். அடங்காத ராவில நான் விறாந்தையில பாயைப் போட்டு ஒரு கையை அவன்ர முதுகில வச்சுக்கொண்டு படுப்பன், கையை எடுத்தா முழிச்சிடுவான்.

ஐப்பசியோட படுக்கை கூடினது, இடுப்பெலும்பில புண். மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பக்கம் மாத்திப் போட வேணும், நாங்கள் ஒரு நாள் கச்சான் விதைக்கப் போய்ப் பின்னேரம் மட்டும் விட்டிட்டம். ரெண்டு நாளில புழு. பக்கத்து வீட்டில தேர்ப்பந்தைன் விடு எண்டவை, மாட்டுக்கு அப்பிடித்தான் செய்யிறவை, டொக்டர் போனில வேண்டாம் எண்டா, பச்சைப் புண்ணில எரிக்கும், தோலால உள்ளுக்கும் இழுக்கும். சேலைன் தண்ணியால கழுவிக் கழுவி, இடுக்கியால ஒவ்வொண்டா எடுத்தன், அறுபதுக்கு மேல. பிறகு நுளம்பு வலையை வெட்டி அவனுக்கு மேல கட்டி விட்டம், இலையான் மொய்க்காம. அதை முதல் நாளே கட்டியிருக்கலாம்.

கார்த்திகைக் கடைசி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏ.எல். உயர்தரச் சோதினையையே நிப்பாட்டின மழை, தம்பியின்ர மகள் பாதிச் சோதினையோட எங்கட வீட்டில வந்து நிண்டவள். றோட்டு எல்லாம் தண்ணி, டொக்டரிட்டப் போக ஏலாது, சேலைன் முடிஞ்சு அஞ்சு நாள். வாயில நவச்சார மணம், நாக்கோரம் புண், சிரிஞ்சால தண்ணி விட்டாலும் கடைவாயால வழியும். தண்ணி வடிஞ்சு ரத்தம் சோதிக்க கிரியற்றினின் 6.4.

டொக்டர் வீட்டை வந்து பாத்திட்டு, இனி ஊசி போட்டு அனுப்புறதைப் பற்றி யோசியுங்கோ எண்டா. அம்மா ஒரேயடியா மாட்டன் எண்டிட்டா. வைரவர்ர வாகனம், எங்கட கையால செய்யக் கூடாது, காணியில சூலம் நட்டு வச்சுக் கும்பிடுறனாங்கள், பிறகு எந்த முகத்தோட விளக்கு வைக்கிறது எண்டா. நான் எதிர்த்துக் கதைக்கேல்ல, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மூண்டு நாள் அப்பிடியே போச்சு. மூண்டாம் நாள் ராவு முழுக்க வீமன் முனகினான், விடிய அம்மாதான் பெரியப்பாவைக் கூப்பிட்டு விட்டா. அவர் வந்து அவனுக்குப் பக்கத்தில இருந்து, மச்சாள், ஒருக்கா மிஷின் பிழைச்சு மூண்டு நாள் எனக்கு ஓடேல்ல, அப்ப என்ர உடம்புக்குள்ள என்ன நடந்தது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, இவனுக்கு இப்ப அதுதான் நடக்குது எண்டார். அம்மா எழும்பிப் போய் வைரவருக்கு விளக்கு வச்சிட்டு வந்து அவன்ர நெத்தியில திருநீறு பூசினா. டொக்டருக்கு போன் எடு எண்டா.

முதல்ல மயக்க ஊசி, என்ர மடியில தலையை வச்சபடியே நித்திரையாப் போனான், கன நாளைக்குப் பிறகு முனகல் இல்லாத நித்திரை. பிறகு கூடின அளவில மயக்க மருந்தை நரம்பில ஏத்தினா. ஒரு நிமிசம் கூட இல்லை. கண் மூடாது, முதலே சொல்லி வச்சவா, அதனால நான் பயப்படேல்ல. மழைத் தண்ணி ஏறாத மேட்டுப் பக்கமா, பாலை மரத்தடியில இவர் இடுப்பளவு கிடங்கு வெட்டினார், பண்டி கிண்டும் எண்டு மேல கல்லு அடுக்கினது.

தண்ணி வடிஞ்ச பிறகு வாங்கினதில மிச்சம் ரெண்டு போத்தல் ஹாட்மன் கிடந்தது. அடுத்த கிழமை முள்ளியவளையில அக்காட வீட்டை போனா, அவையின்ர பெட்டை நாய்க்கும் பன்னிரண்டு வயசு, வாளித் தண்ணியைக் குடிச்சுப்போட்டுத் திரும்பவும் வாளியை நக்கிக்கொண்டு நிக்குது. எவ்வளவு நாளா இப்பிடி எண்டு கேட்டன், வெயில்தானே எண்டா அக்கா. மார்கழியில என்ன வெயில் அக்கா, நாளைக்கே ரத்தம் எடுப்பிப்பம், நான் கூட வாறன் எண்டு சொல்லிப்போட்டு, போத்தல் ரெண்டையும் டொக்டர் சொன்னா மட்டும் ஏத்துங்கோ எண்டு அவையின்ர அலுமாரிக்குள்ள வச்சிட்டு வந்தன்.