ஒரு தொகையைச் சொல்லுங்கோ

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக் கோணேசர் தரிசனத்துக்கு ஆட்களைக் கூட்டிவரும் ஒரு மாஸ்டருக்கு, 30 பேருக்கு இவ்வளவு, 35க்கு இவ்வளவு, 40க்கு இவ்வளவு என்று பிரித்து எங்களிடமிருந்து கொட்டேசன் (விலைக் குறிப்பு) போனது. பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, இந்த அட்டவணையைக் கொண்டுபோய் நான் ஆருக்கு விளங்கப்படுத்திறது? ஆளுக்கு இவ்வளவு எண்டு ஒரு தொகையைச் சொல்லுங்கோ."

குழுப்பயணம் விற்கும் எவருக்கும் இது புதிய பேச்சல்ல. அட்டவணைதான் நேர்மையான விலை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் மாஸ்டர் கேட்டதிலும் பிழை காண முடியவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். பஸ் வாடகை, சாரதிக்கும் உதவியாளருக்கும் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 120,000 ரூபா. பத்துப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் இது அசையாது. பயணிகளுக்கு அறையும் சாப்பாடும் ஆளுக்கு 6,500. நாற்பது பேருக்கு மொத்தச் செலவு 380,000. ஆள் சேர்ப்பவருக்கென்று இருபது பேருக்கு ஒருவர் இலவசம் என்று ஒப்புக்கொண்டால் காசு கட்டுபவர்கள் 38 பேர். இலாபம் வைக்காமலே ஆளுக்கு 10,000. இப்போது 30 பேர்தான் வந்தார்கள் என்று வைப்போம். சொன்ன இரண்டு இலவச இடத்தையும் பிடுங்க முடியாது. செலவு 315,000, கைக்கு வருவது 280,000. 35,000 ரூபா துண்டு விழுகிறது. அந்த இரண்டு இலவச இடத்தோடு முதலிலேயே 30 பேருக்குக் கணக்குப் பார்த்திருந்தால் ஆளுக்கு 11,250 சொல்லியிருக்க வேண்டும்.

படகுக் கணக்கு இன்னும் மோசம். நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு ஒரு படகில் பத்துப் பேர் என்று பேசினால், 31 பேருக்கும் 40 பேருக்கும் நாலு படகுதான். ஓகஸ்ட் விடுமுறையில் கனடாவிலிருந்து வந்த மருமகனையும் பிள்ளைகளையும் கடைசி நேரத்தில் சேர்த்துவிடுவார்கள். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது என்று நிலாவெளிக் கரையில் நின்று பேச முடியாது. கொட்டேசனிலேயே தனி வரியாக இருக்க வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்தால் படகு போகாது, அப்போது படகுக் காசு திரும்புமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தொகைக்குள் அடக்கு என்றால் எப்படி? இந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் மாஸ்டரின் பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு காட்சி. எங்களிடம் வாங்குபவர் அவர் என்று நாங்கள் நினைக்கிறோம். அவரோ அதைக் கொண்டுபோய்க் கோவில் நிர்வாகசபைக் கூட்டத்தில், மாதர் சங்கத்தில், வாட்ஸ்அப்பில் திரும்ப விற்க வேண்டியவர். "முப்பத்தைஞ்சு பேர் சேர்ந்தா ஒரு விலை, சேராட்டி இன்னொரு விலை" என்று சொன்னால், மற்றவன் பெயர் கொடுக்கும்வரை காத்திருக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். குழுவே சேராது. ஆக, அட்டவணை எங்களைக் காப்பாற்றுகிறது, மாஸ்டரைக் கைவிடுகிறது.

இடைவழி ஒன்று உண்டு. குறைந்த எண்ணிக்கையை வைத்து ஒரே தொகை சொல்வது, கூட ஆள் சேர்ந்தால் மிச்சத்தைப் படகுச் செலவாகவோ திரும்பும் நாள் மதியச் சாப்பாடாகவோ கொடுப்பது. எண்ணிக்கையை உறுதியாக்க முற்பணம். பெயர் கொடுத்தவரும் காசு கொடுத்தவரும் ஒன்றல்ல. மூன்று வாரத்துக்கு முன் முதல் எண்ணிக்கை, ஒரு வாரத்துக்கு முன் இறுதி எண்ணிக்கையும் அறைப் பட்டியலும். அந்தப் பட்டியலில் படியேற முடியாத அம்மாமாருக்குக் கீழ்த்தள அறை, தனித்து வருபவர் யாரோடு தங்குவார் என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

இது நல்ல முறை என்று புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்வதுண்டு. சொல்லும்போதே ஒரு உறுத்தல் இருக்கும். ஏனென்றால் 11,250 என்ற தொகைக்குப் பக்கத்தில் இன்னொருவர் 9,800 என்று எழுதிக் கொடுத்திருப்பார். துண்டு விழுவதை அவர் சாப்பாட்டில் பிடிப்பார், அல்லது அறைக்கு நாலு பேராகப் போடுவார். இதைப் பயணம் போய்வந்த பிறகுதான் மாஸ்டர் அறிவார். அடுத்த வருடம் எங்களிடம் வருவார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். வராமலும் விடலாம், ஏமாந்த குழு அடுத்த வருடம் பயணமே போகாமல் விட்டுவிடுவதும் உண்டு.

விலையால் வெல்ல முடியாத இடத்தில் பயணத் திட்டத்தால் வெல்லலாம் என்பதில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரும் பஸ், திருகோணமலைக்குள் நுழைய முன்பே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத் திரும்பும் இடத்தைக் கடக்கும். வழியில்தானே என்று அங்கே முதலில் இறக்குவார்கள். ஏழு கிணறும் சிறியவை, இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளியாவது ஊற்றாமல் யாரும் நகரமாட்டார்கள். நாற்பது பேர் அள்ளி ஊற்றி, உடுப்பு மாற்றி, பஸ்ஸில் ஏறும்போது கோணேசர் கோவிலில் மதிய நடை சாத்தியிருக்கும். நேர்த்தியோடு வந்த ஆட்கள் மாலைவரை வெயிலில் காத்திருப்பார்கள். கோவில் முதலில், கன்னியா திரும்பும் வழியில் என்று எழுதி, அதன் காரணத்தையும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை மாஸ்டர் கூட்டத்தில் வாசிக்கலாம். விலைக்குப் பதில் சொல்ல முடியாத அவருக்கு அது கைகொடுக்கும்.

தீராமல் நிற்பது அந்த இரண்டு இலவச இடம்தான். கொட்டேசனில் வெளிப்படையாக எழுதினால், "மாஸ்டர் எங்கட காசில சும்மா போறார்" என்று ஊரில் கதை வரும். ஓடி அலைந்து ஆள் சேர்த்தவருக்கு அந்த அவமானம் நியாயமில்லை. எழுதாமல் விட்டால், காசு கட்டிய 38 பேருக்கும் ஆளுக்கு 500 ரூபா எதற்கு என்று தெரியாது. "ஒருங்கிணைப்புச் செலவு" என்று ஒரு வரி போடலாமா என்று பார்க்கிறேன். அதை முதலில் மாஸ்டரிடமே கேட்க வேண்டும்.