மாமனாரும் மாம்பழ ஹாப்ஸும்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டுத் திறந்துவிட்ட கதவு அது. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், பெரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். "அப்போ அதுல பாதி என் பங்கா?" என்று கேட்டாள் மனைவி. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவள். உடன்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கியதும், கணக்கு 400 ஆகுமா என்று ஒரு நப்பாசையில் பார்த்தேன். ஆகாது. எத்தனை பேர் வந்தாலும் 200தான்.

நாங்கள் இருப்பது ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில். பக்கத்து மாநிலமான வாஷிங்டனின் யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பங்கு விளைகிறது. கொடியில் தொங்கும் பச்சைப் பூதான் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பு கொடுப்பதே முன்பு அதன் முக்கிய வேலை. இப்போது சிட்ரா, மொசைக் என்று பழவாசனைக்காகவே தேடி வாங்கும் ரகங்கள் வந்துவிட்டன. மாம்பழம், லிச்சி என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும்.

கராஜில் பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் எட்டிப் பார்த்தவர் மாமனார். "மாப்பிள்ளை, இது கஞ்சா வாடைல்லா?"

அவருக்கு அந்த வாடை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மருமகன் கேட்கக் கூடிய கேள்வியா அது? இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான் என்று விளக்கினேன். சும்மா இருந்திருக்கலாம், கூடவே "ஆரிகன்ல 2015 முதல் கஞ்சாவும் சட்டப்படி சரிதான் மாமா" என்றும் சொன்னேன். அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மனைவி. "பக்கத்து வீட்டுப் பூனை உள்ள வந்து மூத்திரம் போயிருக்கு" என்று டார்ச்சோடு கராஜில் மூலை மூலையாகத் தேடினாள். பூனை பாவம். பழவாசனை ஹாப்ஸ் சிலவற்றில் கந்தகம் கலந்த ஒரு ரசாயனம் இருக்கிறது, பெயர் 4எம்எம்பி. துளியூண்டு இருந்தால் பழம் மணக்கும், அளவு மிஞ்சினால் பூனை. சில மூக்குகளுக்குப் பழம் தெரியவே தெரியாது, நேரே பூனைதான். என் மனைவிக்கு வாய்த்தது அந்த மூக்கு.

சரி, ஹாப்ஸ் கதை இவ்வளவு. ஈஸ்ட், அதாவது பீரை நுரைத்துப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர், அதன் கதை இதைவிட மோசம்.

கடை ஈஸ்ட் வேண்டாம், பின்கட்டு பிளம் மரத்திலிருந்தே பிடிப்போம் என்று முடிவு செய்திருந்தேன். பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் பீர் காய்ச்சுகிறவர்கள் குளிர்கால இரவில் கொதித்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றை அகலமான தொட்டியில் திறந்து வைத்துவிடுகிறார்கள். காற்றில் வருவது வரட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். நான் சின்னச் சின்ன ஜாடிகளில் நீர்த்த மால்ட் சாறு ஊற்றி, ஆளுக்கொரு பிளம் போட்டு, துணி கட்டி வைத்தேன். ஒன்றில் பச்சைப் பூஞ்சை படர்ந்தது, நேராகக் குப்பைக்குப் போனது. இன்னொன்று கைக்குழந்தை கக்கிய பால் வாசம், அதுவும் குப்பைக்கே. மிச்சமிருந்த ஒன்று மட்டும் நுரை கட்டி, பேரிக்காயும் கிராம்பும் கலந்தாற்போல் மணத்தது. அதைப் பெருக்கிக்கொண்டேன்.

காய்ச்சும் நாளில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குழாய், மூடி, கரண்டி, கண்ணாடிக் குடுவை என்று எல்லாவற்றிலும் நான் கிருமிநாசினி அடிப்பதைப் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கூடையிலிருந்து பிளம் பழங்களை எடுத்து அப்படியே உள்ளே போட்டேன். மனிதருக்குத் தாங்கவில்லை.

"இம்புட்டு நேரம் கழுவுனீங்க. இப்ப கழுவாத பழத்தைப் போடுதீங்களே?"

"நாம கேக்கற அழுக்கு மட்டும் உள்ள போகணும் மாமா."

அவர் அப்பா பனையேறி. காலையில் மரத்திலேறிக் கலயத்தை மாற்றினால், உள்ளே சுண்ணாம்பு தடவியது பதநீர், தடவாதது கள். சில மணி நேரத்தில் தானே நுரைக்கும். ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரித்ததில்லை, கிருமிநாசினியும் அடித்ததில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க சுண்ணாம்பு தடவலியே?" என்று சரிபார்த்துக்கொண்டார்.

மறுநாள் நள்ளிரவில் கராஜில் ஒரு 'டொப்'. காட்டு ஈஸ்ட்டுக்கு வெறி பிடித்திருந்தது. நுரையோடு மேலேறிய பிளம் தோல், வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் மூடியை அடைத்துக்கொள்ள, அது கிளம்பிக் கூரையில் மோதி, பின்னாலேயே செம்பழுப்பு நுரை பீய்ச்சி அடித்திருக்கிறது. போர்ட்லாந்து மழைக்குப் பயந்து கராஜில் காயப் போட்டிருந்த மாமனாரின் எட்டு முழ வேட்டி முழுக்க ஹாப்ஸ் துணுக்கு. அவர் வேட்டியைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "கள்ளு நல்லாத்தான் பொங்கியிருக்கு" என்றார். கோபமா பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

சில வாரம் கழித்து வேறு குடுவைக்கு மாற்றும்போது வாசம் மாறியிருந்தது. பிரெட்டனோமைசிஸ் என்று ஒரு காட்டு ஈஸ்ட், 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வுக்கூடத்தில் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அது தரும் வாசத்தைக் குதிரைப் போர்வை வாசம் என்று ரசிகர்கள் பாராட்டாகவே சொல்வார்கள். எங்கள் குடுவையில் இருந்தது அதுதானா என்பதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும், மூக்கு அதைத்தான் சொன்னது. மனைவியிடம் பெருமையாக நீட்டினேன்.

"முதல்ல பூனை, இப்போ குதிரை. மனுஷங்க குடிக்கற வாசமே இதுல வராதா?"

அடியில் தங்கிய மண்டியை நான் கொட்டப் போக, மாமியார் ஓடி வந்து ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொண்டார். கள் ஊற்றி ஆப்பம் சுட்ட கை. அரைத்த மாவில் அதைக் கலக்கி வைக்க, காலையில் பாத்திரம் வழிந்து கிடந்தது. ஆப்பம் ஓரமெல்லாம் சல்லடையாய்ப் பொரிந்து வந்தது. லேசான கசப்பு மட்டும் தேங்காய்ப்பாலுக்கும் அடங்கவில்லை. வாழ்நாளில் கள்ளைத் தொடாத மாமனார், இது மாவுக் கணக்கு என்று சொல்லி மூன்று சாப்பிட்டார்.

பீர் இன்னும் பக்குவப்படவில்லை, மாதக் கணக்காகும். அதற்குள் மாமியார் அடுத்த தடவைக்கு ஆர்டர் போட்டுவிட்டார்: "மாப்பிள்ளை, அந்தப் பச்சைப் பூவ மட்டும் போடாமக் காய்ச்சுங்க. மண்டி கொஞ்சம் கூடுதலா வேணும்."