மூங்கில் விரியன் எந்த மலைக்காரன்?

கோடைவிழா சமயத்தில் ஏற்காட்டுக்குப் போனால் பாம்பு எங்கே கண்ணில் படும்? தலைகளும் கார்களும்தான் படும். அதனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு கிளம்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை புழுக்கம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டோம், அவ்வளவு குளிர்.

தேடிப் போனது மூங்கில் விரியனை. குழிவிரியன்களில் ஒன்று. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இருக்கும் சின்னக் குழி உடல் சூட்டை உணரும். கும்மிருட்டிலும் எலி எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் தங்கல். மேஸ்திரி காலையிலேயே கூட்டிப்போனார். "ராத்திரிதான் சார் அது வேலைக்குப் போவும். பகல்ல செடியிலயே சுருண்டு கெடக்கும். பறிப்பு சமயத்துல எலைன்னு நெனச்சு கைய வெச்சிடுவாங்க."

முதலில் கிடைத்தது பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று ஊரே பயப்படும் அதே ஒல்லிப் பாம்புதான். மூக்கு கூராக நீண்டிருக்கும், கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். பாவம், விரியன் என்று நினைத்து இதைத்தான் அதிகம் அடித்துக் கொல்கிறார்கள்.

ஓடை ஓரத்தில் மேஸ்திரி சட்டென்று நின்று, கையிலிருந்த கொக்கியால் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்பு உயரக் கிளையில், இலைகளுக்கு நடுவே, ஒரு முக்கோணத் தலை மட்டும் மெல்லத் தெளிந்தது. இரண்டடி தேறலாம். பச்சை உடம்பில் அங்கங்கே கருமை படிந்த திட்டுகள், அடிப்பக்கம் மஞ்சள் கலந்த வெளிர் நிறம். வால் நுனி கிளையை இறுக்கிச் சுற்றியிருந்தது. கேமரா ஜூமில் அந்தக் குழியும் நெட்டுவாக்கில் கீறிய கண்மணியும் தெரிந்தன. நாங்கள் இருந்த நேரம் முழுக்க நாக்கை நீட்டியதைத் தவிர அது வேறெதுவும் செய்யவில்லை.

கூட வந்த நண்பர் அப்போதுதான் கேட்டார்: "மேகமலையில ஒரு அபூர்வ விரியன் இருக்காமே, அது இங்க வராதா?"

அவர் சொன்னது ஹட்டன் குழிவிரியன். தேனிப் பக்கம் மேகமலையில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஆங்கஸ் ஹட்டன் பிடித்த இரண்டு குட்டிகளை வைத்து, 1949-ல் பாம்பு ஆய்வாளர் மால்கம் ஸ்மித் அதைப் புது இனமாக விவரித்தார். மரத்தில் வாழும் பாம்பு, அதுவும் மழைக்காட்டில் என்றால் மனிதக் கண்ணில் படுவது அவ்வளவு அபூர்வம்.

அது இங்கே வராது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500, சேர்வராயன் கோயில் உச்சி 1623. மேலே ஈரமும் சோலையும் இருந்தாலும், சுற்றிலும் காய்ந்த சமவெளிதான். கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த இந்தச் சேர்வராயன் மலை, கடல் நடுவே தீவு மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, ஈரக்காட்டை நம்பி வாழும் மரப்பாம்பு இந்த வெக்கையைக் கடந்து வர முடியாது. மலபார் குழிவிரியன் மேற்குத் தொடர்ச்சி மலையோடு நின்றுவிட்டது. ஆனைமலை, பழனிமலைச் சோலைகளில் இருக்கும் பெருஞ்செதில் குழிவிரியனும் அப்படித்தான். மூங்கில் விரியனுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. மூங்கில் புதர், ஓடைக்கரை, இலையுதிர்க்காடு எதுவானாலும் சமாளித்துக்கொள்வதால் மேற்கு, கிழக்கு இரண்டு தொடர்ச்சி மலைகளிலும் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். சோலைகள் தோட்டங்களாகிப் போனபோதும் நிழல்மரத்தடியில் இது தாக்குப்பிடித்துவிட்டது.

இந்தத் தனிமையால் சேர்வராயனுக்கென்றே சில உயிர்களும் உண்டு. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய ஒரு பாறைப்பல்லியை 2000-ல் விவரித்தார்கள். 1863-ல் பெடோம் என்ற இயற்கை ஆய்வாளர் இங்கிருந்து ஒரு கேடயவால் பாம்பை விவரித்தார். மண்ணுக்குள் வாழும் அதை இடையில் வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டு, 2014-ல்தான் தனி இனம் என்று மறுபடி ஒப்புக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அசல் ஏற்காட்டுக்காரன். விரியன் பல மலைகளில் வீடு வைத்திருப்பவன்.

சரி, கடித்தால்? கை நன்றாக வீங்கும், வலி பிராணனை வாங்கும், உயிர் போவது அரிது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிப்பது. குழிவிரியன் அந்தக் கணக்கில் இல்லை. அதற்காகக் கட்டுப்போட்டு, கீறிவிட்டு, பச்சிலை தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்தத் தோட்டத்தில் பறிப்புக்கு வரும் பெண்கள் செடியைக் குச்சியால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் கை வைக்கிறார்களாம். நாங்கள் பார்த்த செடிக்குப் பக்கத்தில் மேஸ்திரி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தார்.